சென்னியப்பன் சாரின் ஏழு கையெழுத்துகள்

ஜனவரி 21, செவ்வாய்

உரக்கடையில் அம்மாவுக்குச் சும்மா கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பயிருக்கு ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு, ‘வேரழுகலைக் கவனிக்கவும்’. கவனிக்கிறேன். மூன்று வாரமாக வெறும் பக்கமாகக் கிடந்தது, இன்றுதான் எழுதுவதற்கு ஒரு சங்கதி கிடைத்தது. நாளை முதல் சென்னியப்பன் சார் ஸ்டிரைக்.

பிளஸ் டூவில் எங்கள் குரூப்புக்கு மின் இயந்திரங்கள் என்று பெயர். தொழிற்கல்விப் பிரிவு. புகைந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியால் புதுக் காயில் சுற்றி, மறுபடி ஓட வைக்க வேண்டும். சுற்றுவதுதான் எங்களுக்குப் பாடம், ஊர் சுற்றுவது வீட்டுப்பாடம். பதினெட்டுப் பேரில் பெண்கள் நானும் ஜமுனாவும்தான். சொல்லித்தர இருக்கும் ஒரே ஆள் சென்னியப்பன் சார். பதினாலு வருஷமாகப் பகுதி நேர ஆசிரியர். சம்பளம் மட்டும்தான் பகுதி. எட்டரைக்கு மொபெட்டில் வந்தால், பொழுது சாய்ந்துதான் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டுவார்.

“ஏனுங் சார், வேலைநிறுத்தம்னா வேலைய நிறுத்தறதுங்களா, தராசுல வெச்சு நிறுத்தறதுங்களா?” என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “ரெண்டுந்தான் அம்மிணி. பதினாலு வருச வேலைய ஒருக்கா நிறுத்துப் பாருங்கன்னுதான் மெட்ராசுக்குப் போறோம்.”

பிப்ரவரி பதினேழில் எங்களுக்குப் பிராக்டிகல். அதற்குள் வந்துவிடுவாராம். இன்று இரவு ரயில். ஸ்டேஷன் இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர், மொபெட்டிலேயே போய் அங்கே நிறுத்திவிட்டுப் போகிறார். கிளம்பும்போது சொன்னார்: “என்னைய எங்கேன்னு எவரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்க. நான் இங்க இல்லீங்கறதுதான் ஸ்டிரைக்கு.”

அதன்பின் எச்.எம். தில்லைநாயகம் (எங்களுக்குத் தொல்லைநாயகம்) வந்து சுற்றறிக்கை வாசித்தார். தற்காலிக ஆசிரியர்கள் தொடர்ந்து மூன்று நாள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளப்படும். ஆசிரியர் இல்லாத பிரிவு கலைக்கப்படும். மாணவர்கள் வேறு பிரிவில் சேர்க்கப்படுவார்கள்.

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது வேறு பிரிவாம். பிரிவு என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 22, புதன்

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை ஒன்பது மணிக்கு ராக்கியண்ணன் எச்.எம். அறைக்கு வெளியே மேஜையில் வைப்பார். அவர்தான் அலுவலக உதவியாளர். ஒன்பதரைக்கு உள்ளே எடுத்துப் போவார். காலியாக இருக்கும் கட்டங்களில் எச்.எம். சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்த அரை மணி நேரம் பதிவேடு அநாதை.

இன்று சென்னியப்பன் சாரின் கட்டத்தில் கையெழுத்து இருந்தது.

எப்படி வந்தது என்று இந்த டைரிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் கையெழுத்து அழகு. பேரை எழுதி, கடைசி ‘ன்’னின் வாலை அப்படியே கீழே இழுத்து, காயில் மாதிரி நாலு சுற்றுச் சுற்றி விடுவார். என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்களின் கையெழுத்து எனக்கு அத்துப்படி, ரேங்க் கார்டு ஒன்றுக்கு இரண்டு முறுக்கு. இது முறுக்கே கேட்காமல் செய்தது. அதாவது, யாரோ செய்தது.

சுண்ணாம்புக்கட்டி வேண்டும் என்று சொல்லி உள்ளே போய் நின்றேன். எச்.எம். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஜன்னல் வழியாகப் பூட்டிய ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் தாளில் எழுதினார்: வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டோர் – இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்றும் சார் வந்திருந்தார். கட்டத்தில் மட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சரி, நான்தான். மூன்றும் நான்தான். சும்மா ஒரு லொள்ளுக்கு.

“லொள்ளுக்குத்தான் அன்னைக்கு சர்க்குலர் கேட்டுட்டு டேங்குக்குப் பின்னால போயி மூக்கச் சிந்துனயா?” என்றாள் ஜமுனா. அது சளி. அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

இன்று ராக்கியண்ணன் என்னை மேஜையருகே பார்த்துவிட்டார். “அம்மிணி, விரல்ல என்ன மையி?” என்றார். “படிச்சதுங் அண்ணா, படிஞ்சிருச்சு” என்று ஓடி வந்தேன். இனி கொஞ்சம் அடங்க வேண்டும். கணக்குப் போட்டாயிற்று. தொடர்ந்து மூன்று நாள் போடாமல் இருந்தால்தானே வேலை போகும்? நாளையும் திங்களும் விட்டுவிட்டுச் செவ்வாயன்று ஒன்று போட்டால் போதும். சாருக்கு வேலையும் இருக்கும், எனக்கு ஓய்வும் இருக்கும்.

ஜனவரி 25, சனி

இன்று முழு வேலை நாள். நான் மேஜைப் பக்கமே போகவில்லை. வேண்டுமென்றே ஒன்பது ஐம்பதுக்கு வந்தேன், வாசலில் முட்டி போட்டேன். சாட்சிக்கு எட்டாம் வகுப்பே இருக்கிறது.

கட்டத்தில் கையெழுத்து இருந்தது.

ஜமுனாவைப் பிடித்து உலுக்கினேன். “என்ற அப்பன் மேல சத்தியமா நானில்லடி. எனக்கு என்ற கையெழுத்தே ஒழுங்கா வராது” என்றாள். உண்மைதான். அவளுடையது கோழி கிளறிய மாதிரி இருக்கும். ராக்கியண்ணனாக இருக்குமோ என்றால், அவருக்குத் தன் பேரை எழுதவே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். எச்.எம். போட்டிருப்பாரோ? அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. என்னைவிட அவர்தான் அந்தக் கட்டத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டை அலமாரியில் வைக்க ராக்கியண்ணனுக்கு உதவுகிற சாக்கில் பக்கத்தைத் தொட்டேன். அந்த ஓர் இடம் மட்டும் நமுத்திருந்தது.

“பனிங்க அம்மிணி. தை மாசப் பனி” என்றார்.

பனிக்குப் பாசி வாசனை வருமா?

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் இரண்டு. எச்.எம். பேச்சில் ‘நம் பள்ளியில் ஓர் ஆசிரியர்கூட வேலைநிறுத்தத்தில் இல்லை’ என்றார். யாரும் கைதட்டவில்லை.

சாயங்காலம் எங்கள் எஸ்.டி.டி. பூத்தில் நான் இருந்தேன். அம்மா கறிக்கடைக்குப் போயிருந்தாள். சாரின் வீட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, வந்தார். தெய்வாத்தாள் என்று பேர். சங்க ஆபீஸ் எண்ணை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். நான்தான் சுழற்றிக் கொடுத்தேன்.

“வணக்கமுங்க. கருக்கம்பாளையம் சென்னியப்பன் சார் ஊட்ல இருந்து பேசறனுங்க. அவரு போயி அஞ்சு நாளாச்சு, ஒரு தகவலுமில்லீங்க. கொஞ்சம் கூப்புடுங்க சாமி.”

அந்தப் பக்கத்து ஆள் போராட்டப் பந்தலில் கத்திக் கத்திப் பழகிய குரல். ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

“யாரு, சென்னியப்பனா? அவரு இங்க வரவே இல்லம்மா. உங்க ஸ்கூல்ல ஒருத்தர்கூட ஸ்டிரைக்ல இல்லைன்னு ஆபீஸ்ல லிஸ்ட்டே ஒட்டியாச்சு. அங்க ஜோரா கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. கருங்காலியை எங்ககிட்ட எதுக்குத் தேடறீங்க?”

அக்கா ரிசீவரைத் தலைகீழாக வைத்தார். நான் திருப்பி வைத்தேன்.

“கண்ணு, சாரு பள்ளிக்கூடத்துக்கு வர்றாரா?”

பில்லைக் கிழித்து நீட்டினேன்.

“கையெழுத்து இருக்குதுங் அக்கா.”

“நீ ஆளைப் பாத்தயா?”

“நான்… லேட்டாத்தானுங் போவேன்.”

அவர் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், “ஊட்டுக்கும் போறதில்ல, ஸ்டிரைக்குக்கும் போறதில்ல. வாத்தியார் எங்கியோ தனியா கரண்டு இழுத்திருக்காரு” என்றான். இன்னொருவன் சிரித்தான். நான் அடுத்த ஆளின் எண்ணைச் சுழற்றினேன்.

நான் சொன்னது பொய்யில்லை. கையெழுத்து இருக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 27, திங்கள்

எட்டரைக்கே போய்த் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நானும் ஜமுனாவும் உட்கார்ந்தோம். அங்கிருந்து மேஜை நேராகத் தெரியும். ஒன்பதுக்கு ராக்கியண்ணன் பதிவேட்டை வைத்தார். தமிழம்மா வந்து போட்டார். கணக்கு சார், பி.டி. சார், மற்றவர்கள். ஒவ்வொருவரையும் ஜமுனா விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது இருபதுக்கு மேல் ஒரு காக்காய்கூட வரவில்லை. ஒன்பதரைக்கு ராக்கியண்ணன் எடுத்துப் போனார்.

நான் சுண்ணாம்புக்கட்டி கேட்டு உள்ளே போனேன். (இந்த மாதம் நான் வாங்கிய சுண்ணாம்புக்கு ஒரு வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம்.)

கையெழுத்து இருந்தது. மை வெளுத்திருந்தது, தண்ணீர் கலந்த மாதிரி. இன்னும் காயவில்லை.

நாலு சுற்றும் இருந்தன, ஆனால் தொய்ந்துபோய். ஒன்று எனக்குப் புரிந்தது. நான் போட்ட மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. பார்த்து வரைகிறவள் பிசகுக்குப் பயந்து வரைவாள். சார் எழுதும்போது ‘யப்’புக்கு அப்புறம் ஒரு நொடி பேனாவை எடுப்பார், அங்கே ஒரு பொட்டு இடைவெளி விழும். மூன்று நாளும் எனக்கு அது பிடிபடவே இல்லை. இதில் அது இருந்தது. நான் போட்டது அவர் கையெழுத்தின் படம். இது அவர் கையெழுத்து.

பதினோரு மணிக்குத் தெய்வாத்தா அக்கா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். ஆள் காணவில்லை என்று எழுதித் தரப் போனவரை, முதலில் பள்ளியில் கேட்போம் என்று கூட்டி வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

எச்.எம். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க, இன்னைக்குக்கூட இருக்குதுங்க.”

“நீங்க அவரைப் பாத்தீங்களாங் சார்?” என்றார் அக்கா.

“நான்… ரவுண்ட்ஸ் போயிருந்தனுங்க.”

போலீஸ்காரர் சிரித்தார். “தெனம் வந்து கையெழுத்துப் போடற மனுசனைக் காணம்னு எப்பிடிம்மா எழுதறது? ஊட்டுக்கு வராததுக்கு வேற காரணம் இருக்கும். பொறுமையா விசாரிங்க.”

வெளியே வரும்போது அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று என் முறை. பேனாவோடு ஒன்பது அடித்தவுடன் போனேன். ராக்கியண்ணன் பதிவேட்டை அப்போதுதான் வைத்துவிட்டுத் திரும்பினார். நான்தான் முதலில் திறந்தேன். வேறு எவர் கட்டத்திலும் ஒன்றுமில்லை. சாரின் கட்டத்தில் இருந்தது.

எழுத்துகள் நடுங்கியிருந்தன. இரண்டு சுற்றுத்தான். மூன்றாவது தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது. தடவிப் பார்த்தேன், நறநறவென்று மண். காகிதம் ஈரத்தில் சுருங்கியிருந்தது. பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அது மட்டும் தெரிகிறது.

ஜமுனாவின் மாமா ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் இருக்கிறார். மதியம் பூத்திலிருந்து அவரைக் கூப்பிட்டேன். சாரின் மொபெட் பச்சை, பின்னால் ‘மின்சாரம் தொடாதே’ என்று மண்டையோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பார்த்தால் மறக்காது. ஏழு நாளாக அப்படி ஒரு வண்டி அங்கே நிற்கவேயில்லை என்றார்.

மெட்ராஸ் போகவில்லை. ஸ்டேஷனுக்கே போகவில்லை.

நான் வாயைத் திறந்தால் டி.சி. கொடுப்பார்கள். பரீட்சை எழுத விடமாட்டார்கள். அப்பா லாரியிலிருந்து இறங்கியதும் கேட்கும் முதல் செய்தி அதுவாக இருக்கும். நான் திறக்காவிட்டால் அந்தப் பதிவேட்டின்படி சார் தினமும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். இருக்கிறவரை யார் தேடுவார்கள்?

நாளைக்குச் சொல்கிறேன்.

ஜனவரி 29, புதன்

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று கட்டத்தில் ‘சென்’ வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு கோடு மட்டும். அடுத்தடுத்த ஆசிரியர்களின் கட்டங்களை எல்லாம் தாண்டி, பக்கத்தின் அடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிருந்தது.

பதிவேட்டை நானே தூக்கிக்கொண்டு எச்.எம். அறைக்குள் போனேன்.

“சார், இதுல நான் போட்டிருக்கேன்.”

“எதை?”

“சென்னியப்பன் சார் கையெழுத்த. புதன், வியாழன், வெள்ளி. மூணு.”

அவர் நிமிரவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “ஏழு இருக்குதே வாணி.”

“மூணுதானுங் சார் நானு. மீதியப் பத்தி அப்பறம் அடிங்க. சார் ஸ்டேஷனுக்கே போகலீங். ஏழு நாளா வண்டி அங்க இல்லீங். வழியில எங்கியோ இருக்காருங். இன்னைக்குப் பாதிதான் போட்டிருக்காரு சார், பாருங்க, பாதிதான் போட்டிருக்காரு.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. ராக்கியண்ணன் ஓடி வந்தார்.

எச்.எம். சிவப்புப் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “புதன்கிழமையே தெரியும் எனக்கு,” என்றார். “ஒர்க்‌ஷாப்பு பூட்டிக் கிடந்துது. பிரிவக் கலைச்சுருவாங்கன்னு பேசாம இருந்தேன். நீ மூணு போட்டயல்லொ, நான் ‘இல்லை’ன்னு ஆறு தாள்ல போட்டனுப்பிருக்கறேன்.” பிறகு போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷனைக் கேட்டார். காத்திருக்கவில்லை. ரிசீவரை ராக்கியண்ணனிடம் கொடுத்து, பேசிவிட்டு வரச் சொல்லி, ஸ்கூட்டரை எடுத்தார்.

எங்கள் குரூப் பதினெட்டுப் பேரும் சைக்கிளில் கிளம்பினோம். ஸ்டேஷன் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பிரித்துக்கொண்டு மெதுவாகப் போனோம். ஏழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி ஒரு வளைவு. முள்வேலியில் ஓர் ஆள் புகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது, முறிந்த கிளையெல்லாம் காய்ந்துவிட்டது. உள்ளே ஒரு கைவிட்ட கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. எட்டிப் பார்த்த ஜமுனா பச்சையாக ஏதோ தெரிகிறது என்றாள். அது மொபெட்டின் பின்பக்கம்.

“சார்! சார்!” என்று பதினெட்டுப் பேரும் கத்தினோம். எங்கள் சத்தம்தான் திரும்பி வந்தது.

எச்.எம். மூச்சிரைக்க வந்து, விளிம்பில் குப்புறப் படுத்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, காலை வகுப்பில் பேர் வாசிக்கிற அதே குரலில் கூப்பிட்டார்.

“சென்னியப்பன்!”

பிறகு அடியிலிருந்து, நூல் மாதிரி:

“உள்ளேன் ஐயா.”

ஜனவரி 30, வியாழன்

உயிர் இருக்கிறது. வலது மணிக்கட்டும் இடது தொடையும் முறிந்திருக்கின்றன. ரயிலில் தின்ன அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறும், கிணற்றடியில் முழங்கால் அளவு பாசித் தண்ணீரும் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கின்றன. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி. ஸ்டிரைக் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டதாம். போராடியவர்களை நிரந்தரம் செய்வதற்குச் சங்கம் பெயர்ப் பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் சாரின் பேர் இல்லை.

“ஏழு நாளு பள்ளிக்கூடத்துல இருந்த ஆளுக்கு எதுக்குப் பட்டியல்னு கேக்கறாங்க,” என்றார் சார். குரல் இன்னும் அந்த ஆழத்திலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. “பதினாலு வருசத்துல நான் செஞ்ச ஒரே ஸ்டிரைக்கு அம்மிணி. அதையும் நீ கையெழுத்துப் போட்டுக் கெடுத்துட்டயே.”

“வேலை போயிருமுன்னு பயந்துட்டனுங் சார்” என்றேன். இதை நான் இந்த டைரிக்குக்கூடச் சொன்னதில்லை.

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. “ஏழுமா போட்டே?”

“மூணுதானுங் சார்.”

“மீதி?”

“நீங்கதானுங் போட்டீங்க.”

தெய்வாத்தா அக்கா ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார். சார் தன் வலது கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

“நாலாவது நாளு,” என்றார், “சனிக்கெழம இருக்கும். நெனவு வந்து வந்து போச்சு. மேல யாரோ வருகை எடுக்கற மாதர கேக்கும். ஒவ்வொரு பேரா. என்ற பேரு வரும். நான் ஸ்டிரைக்குல இருக்கறேன், சொல்லக்கூடாதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா சொல்லாமப் போனா அடுத்த பேருக்குப் போயிருவாங்க. அப்பறம் என்ற பேரு வரவே வராதுன்னு ஒரு பயம். அதனால உள்ளேன், உள்ளேன்னு சொல்லிட்டே இருந்தேன். கடேசி நாளு வாய் வரல. பாதிதான் சொன்னேன்.”

ஆரஞ்சு யாரும் தின்னவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாளை மாவட்ட அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். எச்.எம். என்னைக் கூப்பிட்டு விளக்கினார். அவர் பேச்சில் தொல்லை குறைந்துவிட்டது. அவருக்கு எப்படியும் மெமோ உண்டு, அதற்கு அவர் தயார். சிக்கல் அந்த நாலில் இருக்கிறது. மூன்றுக்கு நான் இருக்கிறேன். மீதி நாலுக்கு ஆள் இல்லையென்றால் பதிவேட்டைப் பொறுப்பில் வைத்திருந்த ராக்கியண்ணன் மாட்டுவார். அவரும் இல்லையென்றால் சாரே வந்து போட்டார் என்றாகும்; கிணற்றில் எந்த நாளில் விழுந்தார் என்பதற்குச் சாட்சி யாருமில்லை. அப்படி ஆனால் சார் கருங்காலிதான், பட்டியலில் பேர் ஏறாது.

“ஏழும் போலின்னு ஒரே ஆளு ஒத்துக்கிட்டா முடிஞ்சுரும்,” என்றார். பிறகு அவசரமாக, “நான் சொல்லச் சொல்லல வாணி” என்றார்.

என் வாழ்க்கையில் செய்ததையெல்லாம் செய்யவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் பழக்கமில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

அதிகாரி ஒல்லியானவர், எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பவர். எச்.எம். அறையில் நாங்கள் இருவர் மட்டும். மேஜைமேல் பதிவேடு, ஒரு வெள்ளைத்தாள், நான் கொண்டுபோன பேனா.

“ஏழும் நீதானா?”

“நான்தானுங் சார்.”

“ஏழுமே?”

“ஏழுமேதானுங்.”

“உங்க ஆசிரியர் ஒருநாள்கூட வரலை?”

“அவரு ஸ்டிரைக்குல இருந்தாருங் சார். ஏழு நாளும்.”

அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். முதல் மூன்றையும் பிறகு அடுத்த நாலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “இது ஒரு கை. இது வேற கை மாதிரி இருக்கு. சரி, இந்தத் தாள்ல போட்டுக் காட்டு. வரிசையா, ஏழும். இதுல இருக்கற மாதிரியே.”

மூன்று போட்டேன். நாலு சுற்றும் சுத்தமாக வந்தன. அவர் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

நாலாவதுக்கு என் கை நகரவில்லை. அந்த நடுக்கத்தை எப்படி வரைவது? ‘யப்’புக்கு அப்புறம் விழும் அந்த இடைவெளியை எங்கே விடுவது? பொட்டு பிசகினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார், சாரின் பேர் போய்விடும். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, வியர்த்த உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தேன். மறுபடி பேனாவை எடுத்தேன்.

அப்போது போன் அடித்தது. அதிகாரி எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினார். நான் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அறை சில்லென்று ஆனது. பாசி வாசனை வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“முடிச்சிட்டியா?” என்று திரும்பினார். நான் பதில் சொல்வதற்குள் தாளை இழுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி ஒவ்வொன்றாக நகர்ந்தது. நாலாவது. ஐந்தாவது. ஆறாவதில் நின்று, பதிவேட்டுக்குப் போய், திரும்பி வந்தது.

“சரியா இருக்கு,” என்றார். “அந்த மண்ணு மொதற்கொண்டு. இத்தனை திறமையை நல்ல வழியில காட்டக்கூடாதா?”

பத்து நாள் சஸ்பென்ஷன். பிராக்டிகலுக்கு வரலாம். சாரின் பேரைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்து இன்றைக்கே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். கீழே நான் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

ஏழு இருந்தன. கடைசியில் ‘சென்’, பிறகு தாளின் அடி வரைக்கும் வழுக்கிப்போன கோடு. சுற்றிலும் மேஜை ஈரம்.

போட வேண்டும் என்று பேனாவைத் தாளில் வைத்தேன். எழுதவில்லை. அது இன்னும் மூடியேதான் இருந்தது.